மேல்மாடியில் விசாரணை

செங்கந்தைத் தோட்டத்தில் ஸ்டோர் என்று சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில், இலை அரைக்கும் மெசினுக்குள் அங்கே வேலை செய்த வேலாயியின் வலது கை போனது. கை வெளியே வந்தது. விரல்கள் வரவில்லை. காயம் ஆறி மறுபடியும் பெரட்டுக் களத்தில் போய் நின்றவளை, காலையில் பெயர் கூப்பிடும்போது கூப்பிடாமலே விட்டார்கள். அவளாகத்தான் வேலையை விட்டு நின்றாள் என்கிறது தோட்ட நிர்வாகம்.

வேலையைத் திரும்பக் கேட்டு வேலாயி போட்ட வழக்கைத் தொட மடுல்சீமையிலிருந்து பதுளை வரைக்கும் யாரும் துணியாதபோது, எடுத்தவள் ஜெயலெட்சுமி. அதே தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான அதே லயத்தில் பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளைவாதம் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. கால்களில் இரும்புப் பட்டியும் கக்கத்தில் கட்டைகளுமாகக் கொழும்புக்குப் போய்ச் சட்டம் படித்து வந்தாள்.

பதுளையில் அவளுக்குப் பயிற்சி கொடுத்த மூத்த சட்டத்தரணி சிவசுப்பிரமணியம், "பிள்ளை, உனக்குக் காணி உறுதி எழுதுற வேலைதான் தோது. இருந்த இடத்திலையே இருந்து செய்யலாம். கோட்டிலை ஏறி இறங்கி ஏன் கஷ்டப்படுறாய்?" என்று அன்பாகத்தான் சொன்னார். 

இன்று, தொண்ணூற்றெட்டு ஐப்பசியின் ஒரு புதன்கிழமை, தோட்டத்தின் ஒரே சாட்சியை அவள் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். சாட்சி, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர். அடுத்த கிழமை அவர் கென்யாவுக்கு வேலைக்குப் போகிறார். இன்று விட்டால், போன தவணையில் அவர் சொன்ன சாட்சியம் சொன்னபடியே நின்றுவிடும். வேலாயிக்கு வேலையும் இல்லை, வழக்கும் இல்லை.

விடியும்போதே பனிமூட்டம் இறங்கியிருந்தது. லயத்திலிருந்து பஸ் பாதை வரைக்கும் சேற்றுச் சரிவு. அதில் கட்டைகள் நிற்காது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போன அண்ணன் நிமலன்தான் இன்றைக்கும் அவளை முதுகில் ஏற்றினான்.

வழக்கமாக ஏதாவது பேசிக்கொண்டே இறங்குவான். பாதையைத் திட்டுவான், மூட்டத்தைத் திட்டுவான். இன்று அவன் மூச்சு மட்டும் கேட்டது.

புறப்படும்போது வாசலில் அண்ணி தனுஜா நின்றிருந்தாள். ஏழு மாத வயிறு.

"ஜெயம், இன்னைக்குப் போகாம இருந்தா என்னா?"

"ஏன் அண்ணி?"

தனுஜா புருசனைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

"மழ வரும் போல இருக்கு. அதான்."

சரிவின் கீழே, மூட்டத்துக்குள், தோட்டத்து ஜீப் நின்றது. விளக்கு அணைத்திருந்தது. டிரைவர் உள்ளே உட்கார்ந்து அவர்கள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் ஜீப்புக்கு அங்கே என்ன வேலை என்று ஜெயலெட்சுமி கேட்க நினைத்தாள். பஸ் வந்துவிட்டது.

பதுளையில் தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் மன்று ஒரு பழைய மாடிக் கட்டிடம். போன தவணை கீழ் மண்டபத்தில்தான் நடந்தது. இன்று அவர்கள் உள்ளே நுழைந்ததுமே, அங்கே சேவகனாக இருக்கும் றஹீம் ஓடி வந்தான்.

"தங்கச்சி, இன்னைக்கு கீழ இல்ல. மேல மாத்திட்டாங்க."

"ஏன்?"

"கீழ ஏதோ திருத்த வேலயாம்."

ஜெயலெட்சுமி கீழ் மண்டபத்தைப் பார்த்தாள். கதவு திறந்தே கிடந்தது. மேசை, நாற்காலிகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஒரு சுத்தியல் சத்தம்கூட இல்லை.

"யாரு மாத்தச் சொன்னது?"

றஹீம் குரலைத் தாழ்த்தினான். "தோட்டத்துப் பக்க லோயர் நேத்து வந்து கதச்சிட்டுப் போனாரு. அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க."

மாடிப்படி செங்குத்தாக ஏறி, நடுவில் திரும்பி, மறுபடியும் ஏறியது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். அதுவும் பாதியில் உடைந்திருந்தது.

நிமலன் அவளைப் படியடியில் இருந்த வாங்குப் பலகையில் உட்கார வைத்தான். கட்டைகளைச் சுவரில் சாய்த்தான்.

"ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்."

"அண்ணே, நேரமாச்சு. ஏத்தி விட்டுட்டுப் போயேன்."

"வந்துர்றேன்னு சொல்றேன்ல."

அவன் போனான். வாசலைத் தாண்டும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பான் என்று இருந்தது. பார்க்கவில்லை.

வேலாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விரல் இல்லாத கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். வெளியே எங்கே போனாலும் அப்படித்தான்.

"வந்துருவாருங்களா லோயரம்மா?"

"வந்துருவாரு."

வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கியைச் சரிசெய்துகொண்டு அவர்களைக் கடந்து ஏறினார்கள். தோட்டத்தின் சட்டத்தரணி பார்த்தீபன் வந்தார். அவளைக் கண்டதும் நின்றார். முகத்தில் உண்மையான கவலைபோல ஒன்று.

"ஏன் தங்கச்சி உப்பிடி வருத்தப்படுறீங்கள்? சுகமில்லை எண்டு ஒரு தவணை கேளுங்கோ. நான் மறுப்புச் சொல்லமாட்டன்."

"எனக்குச் சுகமாத்தான் இருக்கு சேர். சாட்சி அடுத்த கிழமை நாட்டிலேயே இருக்கமாட்டாரு."

"அப்பிடியோ?" அவர் புன்னகைத்தார். இரண்டு படி ஏறியவர் திரும்பிக் கேட்டார். "அண்ணர் இன்னும் வரேல்லையோ?"

அவர் மேலே போய்விட்டார்.  அண்ணன் வந்து போனதை அவர் பார்க்கவில்லை. அண்ணனுக்காக அவள் காத்திருக்கிறாள் என்று அவரிடம் யார் சொன்னது?

அந்நேரம் பஸ் நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடையின் உள்மேசையில் நிமலன் உட்கார்ந்திருந்தான். எதிரே தோட்டத்துப் பெரிய கிளாக்கர். இருவருக்கும் நடுவே ஒரு சாவி.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம் நிமலன். சும்மா இரு. சும்மா இருக்குறது ஒரு குத்தமா?"

இதையேதான் ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் தோட்டத்து மேனேஜரான துரையும் சொன்னார். புது வீட்டுத் திட்டத்தில் கடைசி வீட்டை அவனுக்குத் தருவதாகவும் சொன்னார். இரண்டு அறை, சிமெந்துத் தரை, ஒழுகாத கூரை. தங்கச்சியைத் தடுக்க வேண்டாம், அடிக்க வேண்டாம், ஒரு வார்த்தை சொல்லவும் வேண்டாம். ஒருநாள் தூக்காமல் இருந்தால் போதும்.

நிமலன் சாவியைப் பார்த்தான். போன வருசம் கார்த்திகை மழையில், ஒழுகும் அந்த ஒற்றை அறையில், அவனுடைய முதல் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. லுணுகலை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே மூச்சு நின்றது. இன்னொரு கார்த்திகை வருகிறது. இன்னொரு குழந்தையும் வருகிறது.

ஜெயம் படித்தவள். இது இல்லையென்றால் வேறு வழக்கு எடுப்பாள். ஞாயிறிலிருந்து அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தது அதைத்தான்.

"இந்நேரம் கங்காணி ஆளோட ஒங்க லயத்துக்குப் போயிருப்பாரு," என்றார் கிளாக்கர். "சாமானெல்லாம் மாத்திருவாங்க. பொழுது சாய நீ புது வீட்டுலதான் போயி எறங்குவ. நல்ல முடிவு எடுத்த. எத்தன காலத்துக்குத்தான் நீயும் மூட்ட தூக்குற மாதிரி தூக்கிக்கிட்டுத் திரியிறது?"

நிமலன் நிமிர்ந்தான்.

"என்னா சொன்னீங்க?"

"இல்ல, சொல்றேன். ஒரு பாரந்தானே."

எட்டு வயதிலிருந்து அவளைத் தூக்குகிறான். கால் வலித்திருக்கிறது, முதுகு வலித்திருக்கிறது, மழையில் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்திருக்கிறார்கள். ஒருநாளும் அந்தச் சொல் அவன் மனதில் வந்ததில்லை. இப்போது இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோதுதான், இந்தக் காலையில் தான் செய்தது என்ன என்று அவனுக்குத் தெரிந்தது. ஒரு மூட்டையை இறக்கி வைப்பதுபோல வாங்கில் வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

எழுந்தான்.

"எங்க போற?"

"கோட்டுக்கு."

கிளாக்கர் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கோபப்படவில்லை.

"யோசிச்சுப் போ நிமலன். போனா, திரும்பி வர எடம் இருக்கணும்."

வழக்கு கூப்பிடும் நேரம் ஆகிவிட்டது. ஜெயலெட்சுமி வேலாயியின் தோளைத் தொட்டாள்.

"அக்கா, நீங்க மேல போங்க. கூப்பிட்டா எழும்பி நில்லுங்க. என் லோயரம்மா கீழ இருக்காங்க, படி ஏற முடியாது, கீழ மண்டபம் சும்மாதான் கெடக்கு, அங்க வச்சு விசாரிக்கச் சொல்லிக் கேக்குறாங்கன்னு சொல்லுங்க."

"நானா? நான் எப்படிங்க அங்க பேசுறது?"

"என்கிட்ட சொல்ற மாதிரித்தான்."

வேலாயி ஏறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் றஹீம் இறங்கி வந்தான். அவன் முகத்திலேயே பதில் இருந்தது.

"அந்தம்மா சொன்னிச்சு. நல்லாத்தான் சொன்னிச்சு. மன்றத் தலைவர் ஒத்துக்கல்ல. மன்று சட்டத்தரணியத் தேடிப் போகாது, சட்டத்தரணிதான் மன்றத் தேடி வரணுமாம். முதல்ல வேற ஒரு வழக்க எடுத்திருக்காரு. அது முடியுறதுக்குள்ள வரச் சொன்னாரு." அவன் தயங்கினான். "கதிரையில இருங்க தங்கச்சி. நாலு பேரு சேர்ந்து தூக்கிருவோம்."

அவன் நல்ல மனதோடுதான் கேட்டான். அவளுக்கோ கொழும்பு வந்து முன்னால் நின்றது. இரண்டாம் வருடப் பரீட்சை, அதுவும் மேல்மாடி. உடன் படித்தவர்கள் சிரித்துக்கொண்டே நாற்காலியோடு தூக்கினார்கள். பாதிப் படியில் ஒருவனுக்குக் கை நழுவியது. முகவாய் கிழிந்து, இரத்தம் வழிய வழியப் பரீட்சை எழுதினாள். மறுநாள் பரீட்சைக்குப் பொறுப்பானவர் கூப்பிட்டு, தூக்கியவர்களைப் பற்றியும் கேட்கவில்லை, படியைப் பற்றியும் பேசவில்லை. "உங்களுக்கு இந்தப் படிப்பு அவசியமா?" என்று மட்டும் கேட்டார்.

"கட்டையையும் ஃபைலையும் மட்டும் கொண்டு வாங்க றஹீம் நானா," என்றாள்.

முதல் படியில் உட்கார்ந்தாள். முதுகு மேல்பக்கம், முகம் வாசல் பக்கம். இரண்டு கைகளையும் மேல் படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி அதில் வைத்தாள். இரும்புப் பட்டி கட்டிய கால்கள் இழுபட்டு வந்து சிமெந்தில் மோதின. மறுபடியும் ஊன்றினாள்.

இறங்கி வந்த இரண்டு சட்டத்தரணிகள் சுவரோடு ஒதுங்கினார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேல் வராந்தாவிலிருந்து சிலர் எட்டிப் பார்த்தார்கள். அவள் டீமேக்கரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியை நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு இரண்டாவது. மற்றது எதையும் நினைக்க இடம் கொடுக்கவில்லை.

முகம் வாசலைப் பார்த்திருந்ததால், நிமலன் ஓடி வந்ததை அவள்தான் முதலில் கண்டாள். அவன் அவளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். வெள்ளைச் சேலை முழுக்க அழுக்கு.

"ஜெயம். இரு. நான் தூக்குறேன்."

அவன் முகத்தில் ஓடி வந்த களைப்பு மட்டும் இல்லை. பார்த்தீபன் கேட்ட கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்தது.

"டீ குடிச்சியா அண்ணே?"

அவன் படியைக் குனிந்து பார்த்தான். அவளுக்குப் போதுமாக இருந்தது.

"தூக்க வேணாம். எனக்குக் கீழயே வா. சறுக்குனா பிடிச்சிக்க."

அவன் இரண்டு கைகளையும் நீட்டியபடி, ஒவ்வொரு படியாக அவளுக்குக் கீழே ஏறினான். வாசலில் பெரிய கிளாக்கர் வந்து நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, தொலைபேசி இருக்கும் பக்கமாக நடந்தார்.

முந்தைய வழக்கு முடிகிற நேரத்துக்கு அவள் உள்ளே நுழைந்தாள். கட்டைகளை ஊன்றி எழுந்து நின்றாள். ஃபைலைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. மேசையில் விரித்து வைத்தாள்.

தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். தலையை அசைத்தார்.

டீமேக்கர் கூண்டில் வசதியாகச் சாய்ந்து நின்றார்.

"வேலாயி தானாகவே வேலையை விட்டு நின்றதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை உங்களிடம் வந்து சொன்னாரா?"

"சொல்லல்ல. வேலைக்கு வரல்ல. அவ்வளவுதான்."

"கை ஆறிய பிறகு உங்களிடம் வந்ததே இல்லையா?"

"ஒருநாள் வந்தா."

"எதற்கு?"

"வேலை கேட்டு."

"வேலையை விட்டு நின்றவர் எதற்காக வேலை கேட்டு வர வேண்டும்?"

பார்த்தீபன் எழுந்தார். தலைவர் கையைக் காட்டி உட்கார வைத்தார். டீமேக்கர் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"ஸ்டோரில் ஒரு கையால் செய்கிற வேலை உண்டா? கூட்டுகிற வேலை, காம்பு பொறுக்குகிற வேலை?"

"இருக்குது."

"அதைக் கொடுத்தீர்களா?"

"எப்படிக் கொடுக்கிறது? இந்த மாதிரி ஆட்களை ஒருக்கா வச்சுக்கிட்டா, பிறகு எல்லாரும் வந்து நிப்பாங்க."

"இந்த மாதிரி என்றால்?"

அவர் அவளுடைய கால்களைப் பார்த்தார். இரும்புப் பட்டியைப் பார்த்தார். அவர் குரலில் எரிச்சல் ஏறியிருந்தது.

"கை கால் வெளங்காத ஆட்கள். அதனாலதான் நிப்பாட்டினோம்."

அறையில் தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. நிப்பாட்டினோம் என்ற சொல் காகிதத்தில் ஏறிவிட்டது. பார்த்தீபன் கண்களை மூடித் திறந்தார். டீமேக்கருக்குத் தான் என்ன சொன்னோம் என்று விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"வேறு கேள்வி இல்லை," என்றாள் ஜெயலெட்சுமி.

அவள் உட்காரப் போனபோது தலைவர் தடுத்தார். அவர் சிங்களத்தில் சொன்னார். குரல் கடுமையாக இல்லை. சலித்துப்போன ஒருவர் பேசுவதுபோல இருந்தது.

"சட்டத்தரணி அவர்களே, சாட்சியம் பதிவாகிவிட்டது. அது வேறு. ஆனால் இந்தக் கோலத்தில், இப்படித் தவழ்ந்து வந்து ஒருவர் தோன்றுவது மன்றின் கௌரவத்துக்குச் சரிதானா என்று எனக்குச் சந்தேகம். உங்களைப் போன்றவர்கள் வழக்குப் பேச அனுமதி உண்டா என்று கொழும்புக்கு எழுதிக் கேட்கப்போகிறேன். பதில் வரும்வரை வேறொருவரை அனுப்புங்கள்."

அவளும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள்.

"பொதுசனம் போகிற எந்தக் கட்டிடத்துக்குள்ளும் எங்களைப் போன்றவர்கள் போவதைத் தடுக்கக் கூடாது என்று தொண்ணூற்றாறில் சட்டம் வந்திருக்கிறது ஐயா. எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள்."

தலைவர் பேனாவை மூடினார். அடுத்த தவணைக்குத் திகதி கொடுத்தார். அன்று பேசப்போவது யார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அதே பகலில், லயத்தில், நிமலனின் தாய் பெரியாயி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். மாரிசாமி கங்காணி ஏணியோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பெரியாயி, சாமானெல்லாம் வெளிய எடு. தகரம் எறக்கணும்."

"எந்தத் தகரம்?"

"ஒங்க வீட்டுக் கூரதான். நீங்கதான் புது வீட்டுக்குப் போறீங்களே. இந்தத் தகரம் மாட்டுத் தொழுவத்துக்கு வேணுமாம்."

ஒரு தகரம் மாற்றித் தரச் சொல்லி பெரியாயி ஆபீசில் போய் நிற்காத வருசம் இல்லை. கேட்டபோதெல்லாம் வராத ஏணி, கேட்காத நாளில் வந்து நிற்கிறது. அவள் மருமகளைப் பார்த்தாள். தனுஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னா செஞ்சீங்க ரெண்டு பேரும்?"

தனுஜா அழுதுகொண்டே சொன்னாள். பெரியாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஜெயத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்த."

பெரியாயி ஆட்களைத் தடுத்திருக்கலாம். ஏணியைப் பிடித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால் அவள் கண் தனுஜாவின் வயிற்றில் நின்றது. போன கார்த்திகையில் போன பிள்ளையைக் குளிப்பாட்டித் துணி சுற்றியது அவள் கைகள்தான். அவள் வாசலை விட்டு ஒதுங்கினாள்.  தகரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருட்டாகவே இருந்த அறைக்குள் வானம் தெரிந்தது.

பிற்பகலில் ஆபீசிலிருந்து ஒருவன் ஓடி வந்து கங்காணியின் காதில் ஏதோ சொன்னான். மாரிசாமி பெரியாயியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"டவுன்ல இருந்து போன் வந்துச்சாம். புது வீடு இல்லியாம்."

"அப்ப தகரத்தத் திரும்பப் போடுங்க."

"அதுக்கு ஆர்டர் இல்ல பெரியாயி."

"மழ வருது கங்காணி. புள்ளத்தாச்சி பொண்ணு இருக்கா."

"தெரியுது." அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "நான் என்னா செய்யட்டும்?"

திரும்பி வரும் பஸ் பசறையைத் தாண்டியது. அதன் பிறகு நிமலன் எல்லாவற்றையும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை, பங்களா, சாவி, தேநீர்க் கடை. ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்.

ஜெயலெட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளங்கைகளில் தோல் உரிந்து எரிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அண்ணே."

"கேட்டா நீ சரி, வழக்க விட்டுர்றேன்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்திச்சு."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கு மேல் கோபப்பட அவளால் முடியவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை. முன் இருக்கையில் இருந்த வேலாயி எல்லாம் கேட்டிருப்பாள். அவள் தலை அசையவே இல்லை.

அவர்கள் இறங்கும்போது பொழுது மங்கி, தூறல் தொடங்கியிருந்தது. லயத்தின் வரிசையில் ஒரு வீடு மட்டும் மேலே எலும்பாக நின்றது. பாய், பெட்டி, பானை எல்லாம் வாசலில். பெரியாயி ஒரு படங்குத் துணியை மரச்சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகனைக் கண்டாள். திட்டவில்லை.

"தனுஜா பக்கத்து வீட்டுல படுத்திருக்கா. போயிப் பாரு," என்றாள்.

அவன் போவதற்குள் ஜீப் வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் பெரிய கிளாக்கர்.

"நிமலன், தொரை கூப்பிடுறாரு."

ஜெயலெட்சுமி முன்னால் வந்தாள். "எதுவா இருந்தாலும் இங்க சொல்லுங்க. நான் இவரோட லோயர்."

"லோயரெல்லாம் எதுக்கும்மா? சும்மா பேசத்தான்."

"அப்ப நானும் வர்றேன்."

"வேணாம் ஜெயம்," என்றான் நிமலன். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்துப் பேசினான். "அங்க போயிச் சரின்னு சொன்னது நான். இல்லன்னு சொல்ல வேண்டியதும் நான்தான். தகரத்தையும் கேட்டுட்டு வர்றேன்."

அவன் ஜீப்பின் பின்பக்கம் ஏறினான். மலை வளைவில் சிவப்பு விளக்கு இரண்டு தடவை தெரிந்து மறைந்தது.

மழை வலுத்தது. வேலாயியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து படங்கின் மூலைகளைப் பிடித்துக் கட்டினார்கள். யாரும் அதிகம் பேசவில்லை. பெரியாயி ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒருமுறை மலையைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜீப் திரும்பி இறங்கும் சத்தம் கேட்டது. எல்லாருமே பாதைக்கு வந்தார்கள். வண்டி வேகத்தைக் குறைக்காமல் வந்தது. அதில் டிரைவர் மட்டும் இருந்தான்.

ஜெயலெட்சுமி கட்டைகளை ஊன்றிப் பாதையின் நடுவில் போய் நின்றாள். விளக்கு வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. ஹோர்ன் அடித்தான். அவள் நகரவில்லை. வண்டி சேற்றில் இழுத்துக்கொண்டு வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

"எங்க அண்ணன் எங்க?"

"அவரு அப்பவே எறங்கிட்டாரே. நடந்து வர்றேன்னாரு."

"எந்த எடத்துல எறங்குனாரு?"

டிரைவர் கண்ணாடியை மேலே ஏற்றினான். ஆனால் ஏற்றும்போது அவன் கண்கள் ஒரு கணம் மலைப்பக்கம் போய்த் திரும்பின. பங்களாவின் பக்கம் இல்லை. அதற்கு இடப்பக்கம்.

அங்கே இருந்தது பழைய ஸ்டோர். புதியதைக் கட்டிய பிறகு கதவைப் பூட்டிப் பல வருசமாக மூடிக் கிடக்கிற இடம். மின்சாரம்கூட அங்கே இல்லை.

மழைக்குள் அதன் மேல்தட்டு ஜன்னலில் ஒரு வெளிச்சம் அசைந்தது. பிறகு அது அணைந்தது. அண்ணன் அங்கேதான் இருக்கிறான் என்று ஜெயலெட்சுமிக்கு விளங்கியது; கட்டைகளை அந்தப் பக்கம் திருப்பினாள்.